ரொட்டியும் லிமிடெட்டும்

ஆம்பூரில் காலையில் யாரைக் கேட்டாலும் 'கம்பெனிக்குப் போறேன்' என்பார்கள். ஷூ ஃபேக்டரிதான். இந்தச் சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டினால், ரொட்டியைச் சேர்ந்து சாப்பிடுபவர்கள் என்று அர்த்தம் வருகிறது. (ஆம்பூரில் பிரியாணி என்று திருத்திக்கொள்ளலாம்!) பி.காம். படிச்சப்போ இதை யாரும் சொல்லித் தரலை. 'லிமிடெட்' மட்டும் சொல்லித் தந்தாங்க: கம்பெனிக்கு எவ்வளவு கடன் வந்தாலும், பங்குதாரர் இழப்பது பங்குப் பணம் மட்டுமே.

சரி, பாலாற்றில் கலந்த தோல் கழிவு யார் கணக்கு? வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்டணும் என்று 1996-ல் சொன்னது சுப்ரீம் கோர்ட். தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் போட்டது.

கிணறு உப்பாகிப்போன விவசாயி எந்த ஷேரும் வாங்கியதில்லை. ஆனால், அவர் மகளே காலையில் கம்பெனி வேனில் ஏறுகிறாள். வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். இப்போ நீங்களே சொல்லுங்க, அவர் கம்பெனிக்கு உள்ளேயா, வெளியேயா?