கட்டுதல் என்னும் அதிசாரம்

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அவற்றை முறையே கூறியுள்ளார். கட்டுதல் என்றவுடன் தொழுவத்து மாடும் கூண்டுக் கிளியும் நினைவிற்கு வரும், மரம் வருவதில்லை. கொல்லையில் உள்ள வேம்பைக் கூர்ந்து காணும் வரையில் நமக்கும் வந்ததில்லை.

அவ்வேம்பு கன்றாயிருந்தபோது காற்றில் சாயாதிருக்கக் கழி ஒன்றை நட்டு, நைலான் கயிற்றால் சேர்த்துக் கட்டினோம். அன்பினால் செய்த செயல்தான். கழி மக்கி வீழ்ந்தது, கயிறு மக்கவில்லை. தென்னங்கயிறாயின் நாளடைவில் தானே இற்றுப்போயிருக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கட்டிற்கு மேலே தண்டு புடைத்தும் கீழே மெலிந்தும் இருந்தது. கயிறு பெரும்பாலும் பட்டைக்குள் புதைந்துவிட்டது.

இலைகள் ஆக்கிய உணவு, பட்டையின் உட்புறத்து மெல்லிய அடுக்கின் வழியாகவே வேருக்கு இறங்குகின்றது. வேர் உறிஞ்சிய நீரோ அதற்கும் உள்ளே, கட்டைப் பகுதியில் ஏறுகின்றது. மரம் பருக்கப் பருக்கக் கயிறு நெரிக்கும். முதலில் அடைபடுவது உணவின் வழியே. நீர் ஏறிக்கொண்டிருப்பதால் இலைகள் பசுமை மாறா. இறங்காத உணவு கட்டின்மேல் தேங்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். வேரின் சேமிப்பு தீர்ந்த பின்னரே நம் கண்ணுக்கு வாட்டம் புலப்படும். முதல் அதிசாரமும் ஐந்தாம் அதிசாரமும் ஒரே கயிற்றில் நிகழ்ந்துவிட்டன! (தென்னையும் பனையும் இவ்வாறு பருப்பதில்லை; ஆதலின் அவற்றிற்கு இத்துன்பம் இல்லை.)

இல்லறத்தார் விரதம் இயங்குயிர்களைக் குறித்ததன்றோ, ஓரறிவுயிராகிய மரத்திற்கும் பொருந்துமோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே, கீரை கிள்ளாமல் நம் வீட்டு அடுப்பு எரிவதில்லை. ஆயினும், பயன்கருதிக் கொள்வது வேறு, பயனின்றி வருத்துவது வேறு. பின்னதை அனர்த்த தண்டம் என்று நம் ஆசாரியர்கள் விலக்கினர். செடிகொடிகளை வீணே வெட்டுதலையும் அதன் ஒரு பிரிவாகிய பிரமாதசரியையில் சமந்தபத்திரர் சேர்த்துள்ளார். அக்கயிற்றில் நாம் துணிகூட உலர்த்தவில்லை.

மறதி குற்றத்தைக் குறைக்கும் என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உமாசுவாமிகளோ இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்துப் பிரமாதத்தையே முன்வைத்தார். விழிப்புடன் நடப்பவன் காலடியில் எறும்பு மடியினும் அவனுக்கு வினைக்கட்டு இல்லை. விழிப்பின்றி நடப்பவனுக்கோ எறும்பு பிழைத்தாலும் குற்றமே என்பது நம் மரபு. அவ்வாறாயின் கன்றைக் கட்டிய நாளில் நம்மிடம் இம்சை இல்லை. பின்னர், நாள்தோறும் அவ்வழியே கிணற்றிற்குச் சென்றும் திரும்பிப் பாராதிருந்தோமே, அந்நாட்கள் எத்தனை!

புதைந்த கயிற்றைப் பிடுங்கினால் பட்டை உரியுமென்று தோட்ட வேலை அறிந்த முதியவர் தடுத்தார். வெளியே தெரிந்த இடங்களில் மட்டும் நறுக்கிவிட்டோம். இப்பொழுது கன்றுகளைப் பழம்புடவைக் கிழிசலால் அகலமாகவும் தளர்வாகவும் கட்டுகின்றோம். தசலட்சண பருவத்தின் முதல் நாளன்று ஒவ்வொரு கட்டையும் சென்று பார்த்து அவிழ்க்கின்றோம். வேம்பு, கட்டிருந்த தழும்பிற்குக் கீழே இவ்வாண்டு ஒரு தளிர் விட்டிருக்கின்றது.