துறந்தவரின் கடன்

நம்பிக்கைக்காக ஒருவர் இன்னொருவரை விட்டு விலகினால் அதைத் தியாகம் என்று போற்றலாமா? ஈவ்லின் வா 1945இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, கிரனாடா நிறுவனம் 1981இல் தயாரித்த ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ தொலைக்காட்சித் தொடர் பதினொரு பகுதிகளில் இந்தக் கேள்வியை நோக்கித்தான் நகர்கிறது. கத்தோலிக்கப் பிரபுக் குடும்பத்துப் பெண் ஜூலியாவும் ஓவியன் சார்லஸும் தத்தம் மணவாழ்வை முறித்துக்கொண்டு ஒன்றுசேரத் தயாராகிறார்கள். திருச்சபையை விட்டு நெடுங்காலம் விலகியிருந்த அவள் தந்தை சாகும் தறுவாயில் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறார். அதைக் கண்ட ஜூலியா, திருச்சபை ஏற்காத மணம் வேண்டாமென்று சார்லஸைப் பிரிகிறாள். பார்ப்பவருக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் அவளைப் பழிக்கத் தோன்றுவதில்லை. அவள் விட்டது தன் ஆசையை. சார்லஸுக்கு அவள்மேல் அன்பு இருந்தது, மணத்தால் வரும் உரிமை இன்னும் வரவில்லை. நெஞ்சு உடைந்தாலும் அவன் தொழிலும் பெயரும் அவனிடமே இருக்கின்றன.

தமிழ்நாட்டின் கடத்தூரில் இருந்து அந்தத் தொடரைப் பார்ப்பவருக்கு அதில் தெரியும் யார்க்‌ஷயர் மாளிகை அந்நியம். ஆனால் அதன் கேள்வி தமிழ் மண்ணில் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது, இதைவிடக் கடுமையாக. போர்ச்சுகல் அரசவையில் இளவரசருக்குத் தோழராக வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, அந்த வாழ்வை உதறிவிட்டு 1673இல் இந்தியா வந்தார். இயேசு சபையின் மதுரை மிஷனில் அருளானந்தர் ஆனார். மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் 1693 ஜனவரியில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். மனைவியரில் ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. மற்றவர்கள் விலக்கப்பட்டார்கள். அவர்களில் கடலாயி, மறவர் சீமையின் அரசர் ரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். கடலாயி அரசரிடம் முறையிட்டார், பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. திருச்சபை 1947இல் அவரைப் புனிதராக அறிவித்தது. கடலாயிக்குக் கதையில் கிடைத்தது வஞ்சம் தீர்த்தவள் என்ற பெயர்தான்.

அந்தக் கொலைக்கு நியாயம் எதுவும் இல்லை. ஆட்சி உரிமைப் போட்டியும் அதில் கலந்திருந்தது. ஆனால் கொலை கொடியது என்பதால் முறையீடு பொய்யாகிவிடாது. அருளானந்தர் துறந்தது தமக்கு உரியதை. தடியத்தேவர் துறந்ததில் பெரும்பங்கு பிறருடையது: அந்தப் பெண்களின் இருப்பிடம், மதிப்பு, வருங்காலம். கடலாயிக்கு அரசர் உறவு என்பதால் அவர் குரல் வரலாற்றில் ஏறியது. அரண்மனையில் ஆள் இல்லாத மற்ற மனைவியருக்கு அந்த வழியும் இல்லை.

பலதார மணமே அநீதி, அதை ஒழித்ததில் என்ன பிழை என்று கேட்கலாம். அநீதிதான். ஆனால் அதைச் செய்தவர் கணவர். தண்டனையோ மனைவியருக்குப் போனது. ஒழிப்பதற்கு வேறு வழி உண்டு என்பதை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் காட்டியது. இனி நடக்கும் இரண்டாம் மணம் செல்லாது என்றது. முன்பே முறைப்படி நடந்தவற்றைச் செல்லாதவை ஆக்கவில்லை. அத்தகைய மணங்களில், மணவிலக்குக் கேட்கும் உரிமையை மனைவியின் கையில் கொடுத்தது.

மனச்சாட்சி பிறரிடம் அனுமதி கேட்டு நடக்க முடியுமா என்பது இதைவிட வலுவான மறுப்பு. முடியாதுதான். பொய்யாகிவிட்டதாகத் தான் உணரும் உறவில் ஒருவரைக் கட்டிவைப்பதும் கொடுமையே. ஆனால் ஒரு உறவிலிருந்து விலகும் சுதந்திரம் வேறு, அந்த உறவால் ஏற்பட்ட கடனிலிருந்து விடுபடுவது வேறு. மதம் மாறிய கணவனிடமிருந்து மனைவி தனித்து வாழ்ந்தபடியே ஜீவனாம்சம் கோரலாம் என்று 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் சொல்வது இந்த வேறுபாட்டை உணர்ந்துதான். புதிய நம்பிக்கை ஒருவரின் பழைய வழிபாட்டை மாற்றலாம். பழைய வாக்குறுதியை நம்பி வந்தவர்களின் நிலையைத் தானாக மாற்றிவிடாது. ஆகவே ஒரு துறவை எடைபோட, துறந்தவர் எவ்வளவு வலியோடு விட்டார் என்று பார்ப்பது போதாது. விடப்பட்டவர் கேட்கப்பட்டாரா, அவருக்குரியது கொடுக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஜூலியா இந்தச் சோதனையில் தேறுகிறாள். தடியத்தேவரின் நம்பிக்கை உண்மையானதாகவே இருந்தாலும், மனைவியரைக் கேட்காமல் எடுத்த முடிவைத் தியாகம் என்ற பெயர் நியாயமாக்காது.