உப்பைத் துறந்தவர் யார்?

கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் ஒப்பிலியப்பனுக்கு அமுது படைக்கும்போது உப்புச் சேர்ப்பதில்லை. மார்க்கண்டேயர் வளர்த்த பெண்ணைப் பெருமாள் முதியவர் வேடத்தில் வந்து கேட்டாராம். குழந்தை, உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதே என்று முனிவர் தயங்க, உப்பில்லாமலே உண்கிறேன் என்று சொல்லிக் கைப்பிடித்தார் என்கிறது தலபுராணம். இன்றும் திருவோணம்தோறும் உப்பை விலக்கி விரதம் இருப்பவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு.

நான் இதய நோயாளிகளுக்குத் தொலைபேசியில் உணவு ஆலோசனை சொல்பவள். பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இதற்காக ஒரு முறை வந்துபோனால் ஒரு நாள் கூலி போய்விடும். நடந்தால் மூச்சு வாங்குபவர்கள் பேருந்தில் நின்றுகொண்டு வரவும் முடியாது. போனில் பேசுவது அவர்களுக்குச் சௌகரியம்தான். ஆனால் வீடியோவில் தட்டைக் காட்டச் சொன்னால் சோறு தெரியும், கீரை தெரியும், குழம்பில் கரைந்த உப்புத் தெரியாது.

இதயம் பலவீனப்பட்டவருக்கு உப்பு செய்யும் கெடுதல் எளிமையானது. உப்பு தண்ணீரை உடம்பில் தேக்கும். இரத்தத்தின் அளவு கூடும். தளர்ந்த இதயத்தால் அதைத் தள்ள முடியாமல் நீர் காலில் இறங்கும், நுரையீரலில் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும். நல்ல உடம்புக்கே நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி அளவுக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பு ஆகுமா என்று கேட்காதவர்கள் குறைவு. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில இதய மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

ஒரு அம்மாள், திருவோண விரதத்தைத் தவறவிடாதவர், பத்தியம் தொடங்கிய வாரத்தில் என்னிடம் அழுதார். "என்ன பாவம் செஞ்சேனோ, நார்த்தங்காயைக்கூட ஆண்டவன் புடுங்கிட்டான்." விரத நாளில் அதே உப்பில்லாச் சோற்றை அவர் மனநிறைவோடு சாப்பிட்டவர். உணவு மாறவில்லை, விரதமாக இருந்தபோது இனித்தது, பத்தியமானதும் ஏன் தண்டனையானது?

விரதத்துக்கு ஒரு நாளில் முடிவு உண்டு, பத்தியத்துக்கு இல்லை என்பது பாதி பதில். மீதிப் பாதி, விரதம் ஒருவருக்காக இருப்பது. பத்தியத்தில் நம் பயத்தைத் தவிரத் துணைக்கு யாருமில்லை. யாரும் பார்க்காத அடுப்படியிலும் விரதக்காரர் கை நீட்டமாட்டார். தூரத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லும் எனக்கு அந்த உறுதிதான் வேண்டும். அப்படியானால் பத்தியத்தையும் விரதமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா?

சொல்லத் தயங்குகிறேன். விரதம் இருப்பவர் பலனை எதிர்பார்ப்பார். சாமி பார்த்துக்கொள்வார் என்று மாத்திரையை நிறுத்தியவர்களோடு பேசியிருக்கிறேன். மதங்களே இதற்கு வரம்பு வைத்திருக்கின்றன. நாகூர்ப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் ரமலான் நோன்பை விடமாட்டேன் என்றபோது, நோயாளிக்குக் குர்ஆனிலேயே விலக்கு இருப்பதையும், தீராத நோய் என்றால் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கலாம் என்பதையும் அவருடைய மகன்தான் எடுத்துச் சொன்னார். கடவுள் நம்பிக்கையே இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் என்னிடம் பேசுகிறார். அவரிடம் விரதம் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் அவர் பத்தியம் பிசகவே இல்லை. விசாரித்தால், அவர் மனைவி தன் சாப்பாட்டிலும் உப்பைக் குறைத்து, அப்பளமும் மோர்மிளகாயும் வாங்குவதையே நிறுத்திவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் தலபுராணம் எனக்கு வேறுவிதமாகப் புரிந்தது. சமைக்கத் தெரியாதது அந்தப் பெண்ணின் குறை. உப்பைத் துறந்தவர் பெருமாள். இயலாதவருக்காக இயன்றவர் ஏற்றுக்கொண்டது அது. விரதம் இருக்க வேண்டியவர் நோயாளி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுற்றி இருப்பவர்கள் விரதம் இருந்தால்தான் அவருடைய பத்தியத்திலிருந்து தண்டனை என்ற நினைப்பு போகும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். இப்போதெல்லாம் நோயாளியிடம் பேசி முடித்ததும் போனை வீட்டில் சமைப்பவரிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அவருக்கென்று தனிக் கிண்ணத்தில் சப்பென்ற குழம்பை எடுத்துவைக்காதீர்கள். எலுமிச்சையும் மிளகும் சீரகமும் கூட்டி, ஒரே குழம்பாக எல்லாருக்கும் வையுங்கள். காலையில் அவர் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அடுத்த ஆலோசனைவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.