யாருக்காக விளைந்தது?

நாயைக் கண்டால் கல்லைக் காணோம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது பழமொழி. இராசபாளையம் செல்வோர் நிலை அதில் பாதி. நாயைக் காண்கின்றனர். வெண்ணிற மேனியும் வீறுகொண்ட நடையும் உடைய அந்த வேட்டைநாய்க்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது இந்திய அரசு. நாய் பெற்றது பெருமை, வேண்டாமென்று கூறமாட்டேன். ஆனால் அந்த நாய் நிற்கும் கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அரசர் வரலாற்றினும் நீண்டது, ஆண்டவன் வரலாற்றினும் வியப்பானது. அதனைக் கண்டவர் சிலர். கேட்டவர் அதனினும் சிலர்.

ஊரையொட்டி ஒரு குன்று. சஞ்சீவி மலை என்று பெயர். அனுமன் தூக்கிப் பறந்த மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு என்பது கதை. பாட்டி சொன்னாள், பேரன் நம்பினான். பேரன் பாட்டனானான், தன் பேரனுக்குச் சொன்னான். குன்று வானத்திலிருந்து வந்ததென்று கூறும் நாவுக்கு, அது கீழிருந்து வந்திருக்கலாமே என்று கேட்க ஏன் தோன்றவில்லை? விழுந்த மலையை வணங்கலாம். எழுந்த மலையை ஆராயவேண்டும். வணங்குவது எளிது. அதுதான் காரணம்.

ஆராய்ந்தவர் கூறுவதைக் கேளுங்கள், தோழர்களே!

2004ஆம் ஆண்டு, சப்பானிய, இந்திய நிலநூல் அறிஞர் சிலர், இராசபாளையத்துப் பாறையை மெல்லிய ஏடாகச் சீவி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினர். அதில் சபைரின் என்னும் நீலநிறக் கனிமமும் குவார்ட்ஸ் என்னும் படிகமும் அருகருகே ஒட்டியிருக்கக் கண்டனர். தென்னிந்தியாவில் அவ்விணை கண்டறியப்பட்டதாக வெளியான முதற்செய்தி அதுவே. இரு கனிமங்கள் ஒட்டியிருப்பதில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். அவ்விரண்டும் பகையின்றி ஒன்றாக வாழ ஏறத்தாழ ஆயிரம் பாகை செண்டிகிரேடு வெப்பம் வேண்டும். வெப்பம் குறைந்தால், இரண்டும் கலந்து வேறு கனிமமாக மாறிவிடும் இயல்பின. ஆகவே அந்த இணை ஒரு சாட்சி. இன்று வெயிலில் காயும் இந்தப் பாறை ஒருகாலத்தில் பூமியின் வயிற்றில், பல பத்துக் கல் ஆழத்தில், எரிமலைக் குழம்பின் வெப்பத்தை நெருங்கிய வெப்பத்தில், பாறையாகவே வெந்தது என்பதற்குச் சாட்சி. பொய்ச்சாட்சி கூறத் தெரியாத சாட்சி.

எப்போது வெந்தது? ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அக்காலத்தில் ஆப்பிரிக்கா, மடகாசுகர், இலங்கை, அண்டார்டிகா, இந்தியா ஆகிய நிலப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்து ஒரு பெருங்கண்டமாயின. அந்த மோதலின் உலைக்களத்தில் வெந்தவையே நம் தென்பாண்டி நாட்டுப் பாறைகள். இலங்கை இரத்தினபுரியின் ஆற்றுமணலில் அகப்படும் மணிகள் பிறந்த பாறைகளும் அவ்வுலையில் வெந்தவையே. கடல் பிரித்தது, கல் மறக்கவில்லை. அந்தப் பெருங்கண்டத்துக்கு உலகம் இன்று வழங்கும் பெயர் கோண்டுவானா. கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. கோண்டு மக்களின் தாய்மொழி, 1856ஆம் ஆண்டிலேயே கால்டுவெல் எடுத்துக்காட்டியதுபோல, திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டுமக்கள் என்று ஒதுக்கப்பட்டோரின் பெயரை உலகின் நிலநூல் ஏடுகளெல்லாம் உச்சரிக்கின்றன! நம் மலைகளின் முதன்மையான பாறைக்கோ அப்பேறு கிட்டவில்லை. கல்கத்தாவில் சார்னோக் என்னும் கும்பினி வணிகரின் கல்லறைமேல் சென்னைப் பகுதிக் கல் ஒன்று கிடந்தது. அதைக் கண்ட ஹாலந்து என்னும் ஆங்கில அறிஞர் 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்குள் இருந்தவருடையது.

இங்கே நம்மவர் சிலர் மகிழ்ந்து குறுக்கிடுவர்: "பார்த்தீரா! கடல்கொண்ட கண்டம் உண்மையே என்று கல்லே கூறுகிறது!" இல்லை. கல் அப்படிக் கூறவில்லை. இலெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், மடகாசுகரத்து விலங்கினங்களின் உறவினங்கள் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடி ஊகித்த நிலம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமற்போயிற்று. நிலம் மூழ்கவில்லை, பிரிந்தது. மடகாசுகரிலிருந்து நாம் பிரிந்து எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. மனிதனோ தோன்றி மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அங்கே சங்கம் வைத்தவர் யார்? அனுமன் மலையைத் தூக்கவில்லை என்று மேடையில் முழங்கும் நாம், நமக்கு இனிக்கும் கதையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டால், பகுத்தறிவு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். தமிழின் தொன்மைக்கு ஆதிச்சநல்லூரும் கீழடியும் போதாவா?

கல் கூறும் மற்றொன்று. ஞாயிற்றுக்கு மாணிக்கம், சனிக்கு நீலம் என்று கோள்வாரியாக விலைவைத்து விற்கிறானே சோதிடன், அவ்விரு மணிகளும் ஒரே கனிமம்! குருந்தம் என்று தமிழில் அதற்குப் பெயர். உலக மொழிகள் அச்சொல்லை இரவல் பெற்றே கொரண்டம் என்கின்றன. அலுமினியமும் ஆக்சிசனும் சேர்ந்தது. அதில் சிறிது குரோமியம் புகுந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் புகுந்தால் நீலம். ஞாயிறும் சனியும் பகைவர் என்கிறது சோதிடம். பாறைக்குள் அவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதற்குமேல் அதைப்பற்றி எழுதுவது தாளுக்குக் கேடு.

பெரிய கேள்விக்கு வருகிறேன். மணியும் சுண்ணாம்பும் இரும்பும் யாருக்காக விளைந்தன?

விருதுநகர் மாவட்டத்தின் மெய்யான செல்வம் சுண்ணாம்புக்கல். பழங்காலக் கடலின் அடியில் படிந்த சேறு, பின்னர் அதே உலையில் வெந்து, படிகச் சுண்ணாம்புக்கல்லாக இறுகியது. அது ஆலங்குளத்தில் அரசினர் சிமிட்டி ஆலையை எழுப்பிற்று. இராசபாளையத்தில் 1936இல் நூற்பாலை தொடங்கிய பி. ஏ. சி. இராமசாமி ராஜா, பின்னர் விருதுநகரருகே சிமிட்டித் தொழிலுக்கும் வந்தது இக்கல்லை நம்பியே. திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் பதினொரு நிலைகளை நிமிர்ந்து பார்த்து, ஆண்டாளின் அருள் என்பர் பக்தர். அடியிலே தாங்குவது பாறை, மேலே செங்கல்லையும் சுதையையும் பிணைப்பது சுண்ணாம்பு. அதை வெட்டியவனும் வேகவைத்தவனும் கோபுரவாயிலைக் கடக்க உரிமையற்றிருந்த காலம் ஒன்று இருந்தது. சட்டம் வந்து கதவைத் திறந்தது 1947இல்.

"ஆண்டவன் மனிதனுக்காகவே மண்ணுள் மறைத்து வைத்தான்" என்பது வைதிகரின் விடை. நல்லது, 55 கோடி ஆண்டுகளில் மனிதன் இல்லாத காலமே ஏறக்குறைய முழுவதும். விருந்தினன் வருவதற்கு அத்தனை கோடி ஆண்டு முன்னரே இலை போட்டவன் எப்படிப்பட்ட வீட்டுக்காரன்? பாறை வெந்தபோது யாரையும் எண்ணவில்லை. குரோமியம் புகுந்தபோது மன்னன் முடியை எண்ணவில்லை. இயற்கைக்கு நோக்கமில்லை என்பதே நிலநூல் நமக்குத் தரும் விடை.

இந்த விடை நம்மை மகிழ்விக்கிறது. ஆனால் இதிலிருந்து எங்கே போவது என்பதில்தான் பகுத்தறிவாளரே தடுமாறுகிறோம். "யாருக்காகவும் விளையவில்லை; ஆகவே எடுப்பவனுக்குச் சொந்தம்" என்கிறான் பணம் படைத்தவன். கடவுளை நீக்கிய இடத்தில் அவன் தன் நாற்காலியைப் போடுகிறான்! கடவுள் கொடுக்கவில்லை என்றால், அவனுக்கும்தான் யாரும் கொடுக்கவில்லை. இயற்கை எழுதித்தந்த பட்டா எவரிடமும் இல்லை. பட்டா என்பது மனிதர் மனிதருக்கு எழுதியது. எழுதியதைக் காரணம் கேட்கலாம், திருத்தலாம், கிழிக்கவும் செய்யலாம்.

சட்டமே அப்படித் திருத்தப்பட்டுத்தான் வருகிறது. 2013இல் உச்சநீதிமன்றம், கேரளத்துச் சென்ம நிலங்கள் பற்றிய வழக்கொன்றில், அந்நிலங்களின் அடியிலுள்ள கனிமம் நிலமுடையோர்க்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 2024 சூலை 25இல், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, எண்மர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, கனிம உரிமையின்மீது வரிவிதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்றனர். மாநிலங்கள் பல்லாண்டு கேட்டுவந்த உரிமை அது. தமிழ்நாடும் கனிம நிலத்துக்கு வரிவிதிக்கச் சட்டம் இயற்றிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் தில்லியிலிருந்து சென்னைக்கு வந்த உரிமை, சென்னையிலிருந்து சிற்றூருக்கு வந்ததா? மாநில உரிமை பேசும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது. கேட்கத் தயங்குகிறோம் என்பது என் எண்ணம்.

அரிட்டாபட்டியை நினையுங்கள். மதுரைக்கு வடக்கே, மேலூர்ப் பகுதியில், டங்ஸ்டன் கனிமத்துக்காக இரண்டாயிரம் எக்டேருக்கு மேற்பட்ட பரப்பை ஒன்றிய அரசு ஏலம் விட்டது; 2024 நவம்பரில் ஒரு நிறுவனம் வென்றது. அப்பரப்புக்குள் அரிட்டாபட்டி மலைப்பகுதியும் இருந்தது: தமிழி எழுத்துப் பொறித்த சமணர் குகை, குடைவரைக் கோயில், ஏரிகள், சுனைகள். 2022இலேயே பல்லுயிர் மரபுத்தலம் என்று தமிழக அரசு அறிவித்த இடம். மக்கள் திரண்டனர். டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 சனவரி 7இல் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தனர். அதே மாதம் 23இல் ஏலம் விலக்கப்பட்டது.

அப்போது நம் இளைஞர்களிடையே ஒரு சங்கடம் எழுந்ததை அறிவேன். ஊரார் பலர் "எங்கள் சாமி மலை" என்றனர். சாமியை ஏற்காதவன் அந்த முழக்கத்தோடு எப்படிச் சேர்வது? மறுபுறம், "அறிவியல் கண்டது, தோண்டவேண்டும், மறுப்பது மூடநம்பிக்கை" என்று சிலர் நம் மொழியிலேயே பேசினர். நண்பர்களே, அறிவியல் கண்டது டங்ஸ்டன் இருக்கிறது என்பதை மட்டுமே. தோண்டு என்று எந்தப் பாறையும் ஆணையிட்டதில்லை. இருக்கிறது என்பது வேறு, எடுக்கவேண்டும் என்பது வேறு. முன்னதை உருப்பெருக்கி கூறும். பின்னதை அங்கே வாழ்வோரைக் கேட்டுத்தான் கூறமுடியும். ஏரி வற்றினால் எவன் வயல் காயும்? வீடு போனால் எவன் பெயர்வான்? சாமியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கேள்விகள் நிற்கின்றன. ஆகவே நான் அவர்கள் பக்கமே நின்றேன், சாமிக்காக அல்ல. நாளை ஊரார் கூடி ஆய்ந்து ஒரு சுரங்கத்துக்கு இசைந்து, சாமி ஆடுபவன் ஒருவன் மட்டும் மறுத்தால், சாமிக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். அந்த நேர்மை இருந்தால் சங்கடமில்லை.

ஆனால் இவ்வளவோடு கைகழுவிவிட முடியவில்லை. டங்ஸ்டன் வேண்டாத பொருளா? ஆழ்துளைக் கிணறு தோண்டும் கருவியின் முனையில் இருப்பது அதன் கூட்டுப்பொருளே. கிரானைட்டை அறுப்பதற்கும், நாம் அச்சடிக்கும் பொறியை உருவாக்கிய பட்டறைக்கும் அது வேண்டும். உலகுக்குக் கிடைப்பதில் ஐந்தில் நான்கு பங்கைச் சீனம் தோண்டித் தருகிறது. அரிட்டாபட்டியைக் காத்த நாம் டங்ஸ்டனை விட்டுவிடவில்லை. வேறெங்கோ, நமக்குப் பெயர் தெரியாத ஊரில், நம்மால் பார்க்கமுடியாத ஏரியோரத்தில் அது தோண்டப்படுகிறது. அந்த ஊராரை யார் கேட்டார்கள்? அவர்களுக்கு ஊர்வலம் நடத்த உரிமை இருந்ததா? பிறர் உழைப்பில் தூய்மை பேணும் அக்கிரகாரத்தைச் சாடிய இயக்கம், பிறர் மண்ணில் தூய்மை பேணும் ஊராக நம்மை மாற்றிக்கொள்ளலாமா? எங்கும் தோண்டாதே என்பது விடையன்று. இங்கே மட்டும் தோண்டாதே என்பதும் விடையாகாது. எங்கே தோண்டினாலும், அங்கே வாழ்வோர் வேண்டாமென்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தார்களா, சொன்னால் அது செல்லுபடியாகுமா என்று கேட்பதே எனக்குத் தெரிந்த அளவுகோல். பிறவாதவனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வெந்த சுண்ணாம்புக்கல் மறுபடி விளைய இன்னொரு கடல் வேண்டும், இன்னொரு கண்ட மோதல் வேண்டும். அவனால் ஊர்வலம் வரமுடியாது. அவன் சார்பில் பேச நாம்தான் இருக்கிறோம்.

பேசுவதற்கு இடமும் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்கத்தால் பாதிப்புற்றோர் நலனுக்காக மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைக்கப்படவேண்டும்; சுரங்கம் நடத்துவோர் அதற்குப் பணம் செலுத்தவேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்கள் உள்ளன. அந்த ஊர்களின் இளைஞர் எத்தனைபேர், அந்தப் பணம் எவ்வளவு வந்தது, எந்த ஊருக்கு எதற்குச் செலவாயிற்று என்று எழுதிக் கேட்டிருக்கிறோம்? தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து கையில் இருக்கிறது. அடுத்த மே நாளில் கிராமசபை கூடும். கோயில் திருப்பணிக் கணக்கை வரிசையாகப் படிக்கச்சொல்லிக் கேட்கும் ஊர், சுண்ணாம்புக்கல் கணக்கையும் படிக்கச்சொல்லிக் கேட்கட்டும்.