பிழை காணாமையும் பிழையின்மையும்

கணினியையும் கைப்பேசியையும் இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது, அதன் சோதனைப் பதிப்பு விரும்பி முன்வருவோரிடம் முதலில் தரப்படுகிறது. பீட்டா எனப்படும் அப்பதிப்பில் அவர்கள் கண்ட வழுக்கள் களையப்பட்டு, மேலும் கடுமையான வழு தென்படாத நிலையில் அது எல்லார்க்கும் வெளியிடப்படுகிறது. வழு தென்படவில்லை என்பதிலிருந்து வழு இல்லை என்பதற்குச் செல்லும் இந்நகர்வில், இன்மையை அறிவது எவ்வாறு என்ற பழைய மெய்யியல் வினா அடங்கியுள்ளது.

இவ்வினா காஞ்சிக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி அறவண அடிகளிடம் பௌத்த அளவையியலைக் கேட்டறிந்த நகரம் இதுவே. அவ்வளவையியலில் அளவைகள், அதாவது அறிவைப் பெறும் வழிகள், காட்சியும் கருத்தும் (அனுமானமும்) என இரண்டாகவே ஏற்கப்படுகின்றன. அக்காப்பியத்தின் வைதிக அளவைவாதியோ, இன்மையை உணர்த்தும் அபாவத்தையும் சேர்த்துப் பத்து என்கிறான். பாட்ட மீமாம்சகரும், காஞ்சி மடம் போற்றும் அத்வைத மரபினரும் இதனை அனுபலப்தி, அதாவது காணாமை, என்னும் தனி அளவையாகக் கொண்டனர். எனினும், 17ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்த தருமராஜ அத்வரீந்திரரின் வேதாந்த பரிபாஷை அதற்கு ஒரு வரம்பு விதிக்கிறது: பொருள் இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற தகுதி உள்ள இடத்தில் மட்டுமே காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சத்தில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை எனலாம். இருளில் அவ்வாறு கூற இயலாது.

மென்பொருளிலும் இத்தகைய இருள் உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு, சிலருடைய கோப்புகளை அழித்ததால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றே மீண்டும் வந்தது. ஆவணக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்திலும் கோப்புகளை வைத்திருந்தோருக்கே, வெற்றுக் கோப்புறைகளை நீக்க எழுதப்பட்ட நிரல் இத்தீங்கை விளைத்தது. அவ்வமைப்பு இல்லாத கணினிகளில் எத்தனை பேர் சோதித்திருந்தாலும் அது இருளில் குடம் தேடியதற்கே ஒப்பாகும். அப்பிழையைக் கண்ட சிலர் முன்பே தெரிவித்திருந்தும், பிற பயனர்களின் ஆதரவு வாக்குகள் குறைவாக இருந்தமையால் அவர்கள் கூற்று கவனம் பெறவில்லை; பிழையின் கடுமையைக் குறிப்பிடும் வசதி அதன் பின்னரே சேர்க்கப்பட்டது. பிழை உண்டு என்பதற்கு நேரில் கண்ட ஒருவரின் சொல்லே போதுமாயிருக்க, காணாதவர்களின் எண்ணிக்கை அச்சொல்லை மறைத்துவிட்டது.

எல்லாச் சூழல்களிலும் தேடி முடித்த பின்னரே வெளியிடலாம் என்றால் எதுவும் வெளிவராது என்பது நியாயமான மறுப்பு. ஐயம் ஒருவரது செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிடும் என்று நியாய மரபின் உதயணர் கூறியது இதற்கு ஓரளவு விடையாகும். ஆயினும் ஐயத்தை நிறுத்துபவர் ஒருவராகவும், இழப்பை ஏற்பவர் வேறொருவராகவும் இருக்கையில் அவ்விடை போதுவதில்லை.

இங்கு காஞ்சியின் மற்றொரு கதை உதவுகிறது. திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் காஞ்சியிலிருந்து நாடுகடத்தியபோது ஆழ்வாரும், அவர் வேண்டத் திருவெஃகாப் பெருமாளும் உடன் வெளியேறி ஓரிக்கையில் ஓரிரவு தங்கினர் என்றும், மன்னன் வருந்தி வேண்டியதும் அனைவரும் திரும்பினர் என்றும் வைணவ மரபு கூறும். ஆணை தவறாயினும், சென்றோர் மீளக்கூடியவர்களாக இருந்தமையாலேயே அது திருத்தப்பட்டது. மீளும் வழி உள்ள மாற்றத்தைக் குறைந்த சோதனையோடு வெளியிடலாம்; அழிந்தது மீளாத இடத்திலோ, எந்தச் சூழல்களில் தேடினோம், எவற்றில் தேடவில்லை என்பதை வெளியிடுவோர் முன்கூட்டியே அறிவிப்பது அறத்தின்பாற்பட்ட கடமையாகிறது.