கோர்வை கோத்த கைக்கு நாலு வரி பெரிதா?

தம்பி, தங்கச்சி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த உனக்குத்தான் சொல்கிறேன். வீட்டுச் சேலைகளை விற்க இணையதளம் போட்டாய். திறக்கவே பத்து நொடி ஆகிறது. "நமக்கு இதெல்லாம் வராது" என்று விட்டுவிட்டாயா? அந்தப் பேச்சை இனி வாயில் எடுக்காதே!

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோக்க மூன்று நாடா ஓட வேண்டும்; கரை நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஊடை இழைக்கு இழை அந்தக் கோர்வையைப் போட்ட வீட்டுப் பிள்ளை நீ. சர்வரில் நாலு வரி எழுதுவதா உனக்கு மலை?

அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 வருஷத்துக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதருக்காக 2019இல் மணிக்கணக்கில் நின்றார்கள் ஜனங்கள். சேலைப் படத்துக்கு யாரும் நிற்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டரில் குரோமைத் திற. எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியைப் பார். வேறு பக்கம் போய்த் திரும்பி வா. அதே முந்திப் படம் மறுபடி முழுசாக இறங்குகிறதா? ஜக்கார்டு அட்டையில் புட்டாவை ஒரு தடவை குத்திவிட்டால், சேலைக்குச் சேலை புதிதாகக் குத்துவார்களா? படத்தோடு சர்வர் அனுப்பும் கேஷ்-கண்ட்ரோல் என்ற வரி அந்த அட்டைதான். படங்களுக்கு மேக்ஸ்-ஏஜ் 31536000 என்று எழுது. நொடிக் கணக்கில் ஒரு வருஷம். படத்தை மாற்றினால் கோப்பின் பெயரையும் மாற்று. முந்தி-1 முந்தி-2 ஆகட்டும். விலை போட்ட பக்கத்துக்கு நோ-கேஷ். பெயரைப் பார்த்து ஏமாறாதே: "வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்" என்பதே அதன் பொருள். கோப்பின் அடையாளக் குறியான ஈடேக் மாறவில்லையென்றால், சர்வர் 304, அதாவது "மாறவில்லை", என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும்.

அடுத்தது சுருக்கம். தனக்கு எந்தச் சுருக்கம் தெரியும் என்பதை ஒவ்வொரு பிரவுசரும் அக்செப்ட்-என்கோடிங் என்ற வரியில் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறது. 1992இல் வந்த ஜிசிப் எல்லாவற்றுக்கும் தெரியும். இன்னும் இறுக்கிச் சுருக்கும் பிராட்லியை ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2016இல் எடுத்துக்கொண்டன, சஃபாரி 2017இல். அதுவும் எச்டிடிபிஎஸ் வழியில்தான். இரண்டையும் தயாராக வை. வேரி என்ற வரியில் அக்செப்ட்-என்கோடிங்கைச் சேர், இல்லையென்றால் நடுவழிக் கேஷ் ஒரு பிரவுசருக்கு உரியதை இன்னொன்றிடம் நீட்டிவிடும். ஜேபெக் படத்தை மட்டும் விட்டுவிடு, அது ஏற்கெனவே சுருங்கியது.

இன்று ராத்திரி தறி நின்றதும் உட்கார். தப்பு வரும், அறுந்த இழையை முடிந்துவிட்டு மேலே நெய்வதில்லையா? 304 என்ற எண் திரையில் தெரிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டு!