விருது எதற்குச் சாட்சி?

மனநோய்கள் சில குடும்பங்களில் வழிவழியாக வருவது ஏன், எப்படி என்று ஆராய்வது மனநல மரபியல். இத்துறைக்கான சர்வதேசச் சங்கம் வாழ்நாள் சாதனைக்கு மிங் சுவாங் பெயரிலும், இளம் ஆய்வாளருக்குத் தியோடர் ரைக் பெயரிலும் விருது வழங்குகிறது. ஒருவர் பெயரை நிலைநிறுத்தி இன்னொருவரைப் பாராட்டும் இந்த வழக்கத்துக்குள் பழைய அறவியல் கேள்வி ஒன்று இருக்கிறது. பாராட்டப்படுவது கண்டறிந்த உண்மையா, கண்டறிந்த மனிதரா? வானியலில் இரண்டையும் பிரிப்பது எளிது. தொலைவைக் கணித்தவர் எப்படிப்பட்டவரானாலும் விண்மீனுக்கு நட்டமில்லை. மனநல மரபியல் பேசுவதோ உயிரோடிருக்கும் மனிதர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றி.

துறையின் தொடக்கமே இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. மியூனிக்கில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ரூடின், மனச்சிதைவு நோயாளிகளின் உடன்பிறந்தோருக்கு அந்நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிட்டு 1916-இல் ஒரு நூல் வெளியிட்டார். குடும்பங்களை ஒழுங்காகத் தேர்ந்து, எண்களை வயதுக்கேற்பத் திருத்திச் செய்த முன்னோடி ஆய்வு அது. பரம்பரைப் பண்புகளுக்கு மெண்டல் சொன்ன எளிய விகிதம் அதில் கிடைக்கவில்லை. இருமுனை மனநோய் பற்றி 1920களில் அவர் செய்த ஆய்விலும் கிடைக்கவில்லை. இந்த இரண்டாம் ஆய்வை அவர் அச்சேற்றவே இல்லை. தரவு இவ்வளவு தயங்கியும் அவருடைய நம்பிக்கை தயங்கவில்லை. 1933 ஜூலை 14-இல் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. அதற்கு விளக்கவுரை எழுதிய மூவரில் ரூடின் ஒருவர். மனச்சிதைவு, வலிப்பு, பிறவிக் குருடு, பிறவிச் செவிடு எனப் பட்டியலிட்ட அச்சட்டத்தால் ஏறத்தாழ 4,00,000 பேர் பிள்ளைபெறும் வாய்ப்பை இழந்தனர். ரூடினுக்கு 1939-இல் கோதே பதக்கம். 1944-இல் அரசின் கழுகுக் கேடயம். எதற்காகக் கௌரவிக்கிறோம் என்பதில் கொடுத்தவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை.

தீயவர் செய்த அறிவியல் தீயது என்று ஒதுக்கிவிடலாமா? அந்த வாதம் நிற்காது. பல மரபுக் காரணிகளின் சிறுசிறு பங்குகள் கூடியே உயரம் போன்ற பண்புகள் அமைகின்றன என்று 1918-இல் கணிதவழியில் காட்டியவர் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர். மனச்சிதைவு பற்றிய இன்றைய மரபணு ஆய்வுகள் அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தவை. அவரும் இனமேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளர். 1930களில் பிரிட்டனில் விருப்பக் கருத்தடையைச் சட்டபூர்வமாக்க முயன்ற குழுவில் இருந்தவர். ரூடினையும் அவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. ஆனாலும் 2020-இல் வட அமெரிக்கப் புள்ளியியல் சங்கத் தலைவர்களின் குழு தன் மதிப்புமிகு சொற்பொழிவிலிருந்து ஃபிஷரின் பெயரை எடுத்துவிட்டது. வரலாறு அழிக்கப்படுகிறது என்று சிலர் குறைப்பட்டனர். அந்தக் குறை பாதிதான் சரி: அவருடைய சமன்பாடுகள் பாடநூல்களில் அப்படியே இருக்கின்றன. யார் எதைக் கண்டார் என்று பதிவது கட்டாயக் கடமை. கௌரவம் விரும்பித் தருவது, ஆகவே தருபவரின் மதிப்பீட்டையும் அது வெளிப்படுத்தும்.

மனிதரைப் பாராட்டுவதில் வேறொரு சிக்கலும் உண்டு. 2014-இல் மனச்சிதைவோடு தொடர்புடைய 108 மரபணுப் பகுதிகளை அறிவித்த ஆய்வு 36,989 நோயாளிகளையும் 1,13,075 பிறரையும் ஒப்பிட்டது. பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிச் செய்த வேலை அது. வாழ்நாள் விருதோ ஒருவர் பெயரைத்தான் சொல்லும். தலைமை தாங்கியவரின் உழைப்பு பொய்யல்ல. எனினும் இரத்த மாதிரி கொடுத்த நோயாளிகள் எந்த மேடையிலும் ஏறுவதில்லை. ஒரு காலத்தில் இதே நோயுள்ளவர்களின் குடும்ப விவரங்கள் அவர்களுக்கே எதிராகத் திரும்பின என்பதை எண்ணினால், இது வெறும் சம்பிரதாயக் குறையல்ல.

தவற்றைத் திருத்துவதற்கு மரியாதை கிடைப்பது இன்னும் அரிது. அமெரிக்காவின் ஆமிஷ் சமூகக் குடும்பங்களில் இருமுனை மனநோய்க்குக் காரணமான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1987-இல் ஓர் ஆய்வு அறிவித்துப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. உறவினர் சிலரின் தரவைச் சேர்த்ததும் அச்சான்று சரிந்தது. 1989-இல் அந்தச் சரிவைக் கட்டுரையாக வெளியிட்டவர்களில் முதல் ஆய்வை நடத்தியவர்களும் இருந்தனர். உண்மையின் பக்கம் நிற்பதே அறிவியலின் அறம் என்றால், இரண்டாவது கட்டுரைதான் பதக்கத்துக்கு அதிகத் தகுதியுள்ளது.